பரிசோதனைகள் எல்லாம் நோர்மல், நோ மட்டும் மாறவில்லை: நெஞ்சும் வயிறும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாண மாவட்டத்தின் அரச வைத்தியசாலைகளில் தாதிய உத்தியோகத்தராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடமையாற்றி ஓய்வு பெற்றவள், வைத்தியர் அல்லள். 2018ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எனக்குக் கடுமையான வயிற்றோட்டம் வந்தது. அது நான்கு நாட்களில் நின்றுவிட்டது. ஆனால் அதன் பின்னர், சாப்பிட்டவுடன் மேல்வயிறு கல்லாகக் கிடப்பதும், நடுநெஞ்சில் அமுக்கமும், ஓயாத ஏவறையும், சில இரவுகளில் மூச்சு நிறைவாக இழுபடாதது போன்ற அந்தரமும் தொடங்கி, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் என்னோடு இருந்தன. ஈ.சி.ஜி., எக்கோ, இரத்தப் பரிசோதனைகள், வயிற்று ஸ்கான், என்டோஸ்கோப்பி அனைத்தும் செய்தேன், அனைத்தும் நோர்மல். அதே வருத்தத்தோடு அயலவரும் உறவினரும் என்னிடம் வந்து கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன்.

“ஒன்றும் இல்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் இந்த நோ என்னுடைய கற்பனையா?

கற்பனை இல்லை. “ஒன்றும் இல்லை” என்பது அறிக்கையில் கண்டதைப் பற்றிய வார்த்தை. உங்கள் உடம்பு உணர்வதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. என்டோஸ்கோப்பி புண்ணையும் கட்டியையும் காட்டும். ஸ்கான் பித்தப்பைக் கல்லைக் காட்டும். குடல் எவ்வளவு வேகமாக அசைகிறது, இரைப்பை எவ்வளவு இளகிக் கொடுக்கிறது, அங்கிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புகள் எவ்வளவு கூர்மையாகச் செய்தி அனுப்புகின்றன என்பவற்றை இந்தப் பரிசோதனைகள் காட்டமாட்டா. நாதஸ்வரத்தை எக்ஸ்றே எடுத்துப் பார்த்தால் குழலும் துளைகளும் பழுதில்லாமல் இருப்பது தெரியும். சுருதி விலகியிருப்பது அதில் தெரியாது.

வார்டில் நின்ற காலத்தில் நானும் எத்தனையோ பேரிடம் “பயப்படாதேங்கோ, ஒண்டுமில்லை” என்று சொல்லியிருக்கிறேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றே சொன்னேன். அதே சொல்லை நோயாளியாக இருந்து கேட்டபோது, நான் பொய் சொல்வதாக யாரோ தீர்ப்பு எழுதியதுபோல இருந்தது. அன்று என் சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து போனவர்களை நினைத்து நான் இன்றும் வருந்துகிறேன்.

இந்த வருத்தத்துக்குப் பெயர் உண்டா?

உண்டு, பெயர் தெரிந்துகொள்வதே பாதிச் சுகம் என்பது என் அனுபவம். மேல்வயிற்றில் நோ, எரிவு, சாப்பிட்டபின் நீங்காத பாரம், சில கவளங்களிலேயே வயிறு நிரம்பிவிடுவது ஆகியவற்றைச் ‘செயற்பாட்டு அசீரணம்’ என்கிறார்கள். வயிற்று நோவோடு மலம் கழிக்கும் பழக்கமும் மாறி, ஒரு நாள் வயிற்றோட்டமும் இன்னொரு நாள் மலச்சிக்கலுமாக இருந்தால் ‘எரிச்சற்குடல்’ என்கிறார்கள். இதயத்தைப் பார்த்தாயிற்று, உணவுக்குழாயையும் பார்த்தாயிற்று, பிறகும் நெஞ்சு நோகிறது என்றால் அதற்கும் ‘செயற்பாட்டு நெஞ்சு நோ’ என்ற பெயர் உண்டு. தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது போன்ற உணர்வும், விழுங்கும்போது தடை எதுவும் இல்லையென்றால், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இவற்றை நிர்ணயிக்க உலகெங்கும் உள்ள குடல்நோய் நிபுணர்கள் ‘ரோம் அளவுகோல்கள்’ என்ற வரையறையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் நான்காம் பதிப்பு 2016இல் வந்தது. எரிச்சற்குடல் என்று சொல்வதற்கு, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று நோ இருந்திருக்க வேண்டும், வருத்தம் தொடங்கி ஆறு மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும் என்பது அதிலுள்ள விதிகளில் ஒன்று. ஆகவே, மற்ற எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சும் பெயரில்லாத ஒன்றாக இதைக் கருத வேண்டியதில்லை. இதற்குரிய அடையாளங்களைக் கொண்டே இதை நிர்ணயிக்கலாம்.

என்னுடையது போல, ஒரு குடற்தொற்று மாறிய பின்னர் தொடங்குவதும் மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்றே. கிருமி போய்விடும், அது கிளப்பிவிட்ட நரம்புகள் அடங்க மாதங்களும் ஆண்டுகளும் எடுக்கலாம்.

கோளாறு வயிற்றில் என்றால் நெஞ்சு ஏன் நோகிறது?

உணவுக்குழாய் இதயத்துக்கு நேர் பின்னால் இறங்குகிறது. இரண்டிலிருந்தும் வரும் நோவுணர்வு முள்ளந்தண்டுக்குள் ஏறத்தாழ ஒரே இடங்களில் நுழைவதால், எது எங்கிருந்து வந்தது என்பதை மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. அதனால்தான் அனுபவம் மிக்க வைத்தியரும் நோவின் விவரிப்பை மட்டும் கேட்டு இதயம், இரைப்பை என்று தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறார்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. குடலின் சுவரில் 10 கோடிக்கு மேற்பட்ட நரம்புக் கலங்கள் உள்ளன. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குடலிலேயே உண்டாகிறது. மூளைக்கும் குடலுக்கும் இடையில் வேகஸ் நரம்பு வழியாக இரவும் பகலும் பேச்சு நடக்கிறது. 1822இல் அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு பட்டு வயிற்றில் மூடாத துவாரத்தோடு உயிர் பிழைத்த அலெக்சிஸ் சென் மாட்டின் என்ற இளைஞரின் இரைப்பையை, வில்லியம் போமன்ட் என்ற வைத்தியர் பல ஆண்டுகள் நேரில் பார்த்துக் குறிப்பெடுத்தார். அந்த இளைஞர் கோபப்பட்டால் அவருடைய இரைப்பையின் உட்புறமே மாறுவதைக் கண்டார். நம்முடைய மொழிக்கு இது புதிதன்று. பிள்ளை வீடு திரும்பாவிட்டால் “வயிற்றைப் பிசைகிறது” என்கிறோம். துயரச் செய்தி கேட்டால் “நெஞ்சை அடைக்கிறது” என்கிறோம்.

மூளைக்கும் குடலுக்கும் இடையிலான இந்தப் பேச்சின் ஓசை கூடிவிடுவதே இந்த வருத்தத்தின் அடிப்படை. பிறருக்குத் தெரியாமல் நடந்துபோகும் சாதாரணக் குடலசைவும் சிறு வாய்வும் நமக்கு நோவாக வந்து சேர்கின்றன.

இதயத்தைப் போதுமான அளவு பார்த்தாயிற்று என்று எப்போது நம்பலாம்?

இந்தக் கேள்விக்கு அவசரமான விடை கூடாது. நம்மவர்க்கு இதய நோய் முந்தி வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், இலங்கை உட்பட்ட தெற்காசிய நாட்டவர்க்கு முதல் மாரடைப்பு வந்த வயது ஏனையோரைவிட ஏறத்தாழ 5, 6 ஆண்டுகள் குறைவாக இருந்தது. ஆகவே “வாய்வுதான்” என்று நாமே முடிவு கட்டுவது ஆபத்தானது.

படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் இதயக் குழாய்களில் அடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது அந்த நிமிடத்து மின்னோட்டத்தை மட்டுமே காட்டுகிறது. எக்கோ, இதயம் எப்படி இறைக்கிறது என்பதையும் வால்வுகளையும் காட்டும். குழாய் அடைப்பை நேரடியாகக் காட்டாது. ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை, நோ தொடங்கிச் சில மணி நேரம் கழிந்த பின்னரே உயரும் என்பதால்தான் அதை இரண்டாம் முறையும் எடுக்கிறார்கள். நடக்கும்போதும் படியேறும்போதும் நோ வந்து, நின்றால் குறைகிறது என்றால், ட்ரெட்மில் பரிசோதனையோ, இதயக் குழாய்களுக்கான சி.ரி. ஸ்கானோ, அஞ்சியோகிராமோ தேவையா என்று வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள். பெரிய குழாய்கள் சுத்தமாக இருந்தும், கண்ணுக்குத் தெரியாத சிறு குழாய்களின் கோளாற்றால் நெஞ்சு நோ வருவதும் உண்டு. அது பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

வீட்டில் நாம் நம்பும் சில அடையாளங்கள் நம்பத் தக்கவை அல்ல. ஏவறை வந்ததும் குறைந்தது, அமிலம் அடக்கும் பாணி குடித்ததும் குறைந்தது என்பவை இதயம் இல்லை என்பதற்குச் சான்றாகா. நாவின் கீழ் வைக்கும் குளிசையால் குறைந்தது என்பதும் இதயந்தான் என்பதற்குச் சான்றாகாது, ஏனெனில் அந்த மருந்து உணவுக்குழாயின் இறுக்கத்தையும் தளர்த்தும்.

இவற்றையெல்லாம் பார்த்து, உங்கள் வயது, நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைத்தல், குடும்ப வரலாறு ஆகியவற்றையும் கேட்டு, “உங்கள் இதயம் இதற்குக் காரணமில்லை” என்று ஒரு வைத்தியர் காரணம் சொல்லி விளக்கினால், அதை நம்புங்கள். அந்த விளக்கத்தைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

எந்த அறிகுறி வந்தால் யோசிக்காமல் போக வேண்டும்?

நெஞ்சில் பாரமோ இறுக்கமோ வந்து 15 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், அல்லது அது கை, தாடை, முதுகுக்குப் பரவினால், அல்லது அதோடு குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் சேர்ந்தால், உடனே 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டியை அழையுங்கள். அது இலவசச் சேவை. நீங்களே மோட்டார் சைக்கிளில் போகவேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும், நோவே இல்லாமல் களைப்பும் ஓங்காளமும் வியர்வையும் மட்டுமாக மாரடைப்பு வரக்கூடும். ஏற்கெனவே பத்து முறை ஓடிப்போய் “ஒன்றும் இல்லை” என்று திரும்பியவராக இருந்தாலும், வழக்கமான நோவிலிருந்து மாறுபட்ட நோ வந்தால் பதினோராம் முறையும் வெட்கப்படாமல் போங்கள்.

வயிற்றைப் பொறுத்தவரை, காரணமில்லாமல் எடை குறைதல், விழுங்கும்போது உணவு தடைப்படுதல், இரத்தச் சத்தி, தாரைப் போன்ற கறுத்த மலம், மலத்தில் இரத்தம், இரத்தச்சோகை, ஓயாத சத்தி, நித்திரையிலிருந்து எழுப்பும் நோ, 50 வயதுக்குப் பின் முதன்முறையாகத் தொடங்கும் அசீரணம் ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐம்பது வயது தாண்டிய பெண்களுக்குப் புதிதாக வந்து மாறாமல் நிற்கும் வயிற்றுப் பொருமல் சில வேளைகளில் சூலகத்தின் நோயாக இருக்கலாம். அதை “வாய்வு” என்று விட்டுவிடாமல் கட்டாயம் காட்டவேண்டும்.

நெஞ்சை அழுத்தினால் நோகிறது. இது என்ன?

விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் குருத்தெலும்பில் ஏற்படும் அழற்சியாகவோ தசைப்பிடிப்பாகவோ இருக்கலாம். கிணற்றில் தண்ணீர் அள்ளுபவர்கள், தேங்காய் துருவுபவர்கள், தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவர்கள் பலருக்கு இது உண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் மாறும்.

எச். பைலோரி கிருமியைப் பார்க்கச் சொன்னார்கள். அது அவசியமா?

அசீரணம் நீடித்தால் அதை ஒருமுறை பார்ப்பது நல்லது. மனக்கவலையாலும் உறைப்பாலும் இரைப்பைப் புண் வருகிறது என்றே உலகம் நீண்ட காலம் நம்பியிருந்தது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பரி மார்ஷலும் ரொபின் வொறனும், அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமான இந்தக் கிருமியை 1982இல் வளர்த்துக் காட்டினார்கள். மார்ஷல் 1984இல் அதைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை உண்டாக்கிக்கொண்டார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. எந்த வயிற்று நோவையும் “யோசனையால் வருவது” என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது. மூச்சு அல்லது மலப் பரிசோதனைக்கு முன், அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற குளிசைகளை இரண்டு வாரங்களும், நுண்ணுயிர்க்கொல்லிகளை நான்கு வாரங்களும் எடுக்காமல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று விடை வரலாம்.

ஒமெப்ரசோல் ஆண்டுக்கணக்காக எடுக்கிறேன். இன்னும் நோகிறது. என்ன செய்வது?

முதலில் எப்படி எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் எடுக்கவேண்டிய குளிசையைச் சாப்பிட்ட பின் எடுப்பவர்களையே நான் கூடுதலாகக் கண்டிருக்கிறேன். சரியாக எடுத்தும் எட்டு வாரங்களில் பயன் இல்லையென்றால், உங்கள் நோவுக்கு அமிலம் முக்கிய காரணமாக இல்லாமல் இருக்கலாம். அதன்மேல் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பொருளில்லை. திடீரென்று நிறுத்தினால் சில வாரங்களுக்கு அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரந்து நெஞ்செரிவு வரும். அதைக் கண்டு “குளிசை இல்லாமல் என்னால் முடியாது” என்று முடிவு கட்டாமல், வைத்தியரோடு பேசிப் படிப்படியாகக் குறையுங்கள். முழங்கால் நோவுக்குப் பாமசியில் வாங்கும் டைக்ளோபினாக், ஐபுப்புரோபன் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும் என்பதையும் வைத்தியரிடம் மறைக்கவேண்டாம்.

மனநோய்க்குக் கொடுக்கும் குளிசையை எனக்கு எழுதியிருக்கிறார்கள். எனக்கு மனநோய் என்று நினைக்கிறார்களா?

பெரும்பாலும் அப்படி இல்லை. அமிற்றிப்ரிலின் என்ற குளிசையை மனச்சோர்வுக்குக் கொடுக்கும்போது 75 மில்லிகிராம், அதற்கு மேல் என்ற அளவில் கொடுப்பார்கள். குடல் நரம்புகளின் கூர்மையைக் குறைப்பதற்கு இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 30 வரை மெல்ல உயர்த்துவார்கள். பிரித்தானியாவில் குடும்ப வைத்தியர்களிடம் வந்த எரிச்சற்குடல் நோயாளர் 463 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. இந்தச் சிறிய அளவே, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் குளிசை கொடுக்கப்பட்டவர்களைவிடத் தெளிவான முன்னேற்றத்தைக் கொடுத்தது.

எனக்கும் இதைத்தான் தந்தார்கள். மருந்துகளோடு வாழ்ந்தவளாக இருந்தும், பெயரைப் பார்த்ததும் அதைத் தொடாமல் இரண்டு மாதங்கள் அலுமாரியில் வைத்திருந்தேன். எடுக்கத் தொடங்கியபின் முதற் பத்து நாட்கள் வாய் உலர்ந்தது, காலையில் நித்திரைத் தூக்கம் இருந்தது. நோ குறைவதை ஐந்தாம் வாரத்தில்தான் உணர்ந்தேன். ஆகவே நான்கு நாட்களில் “சரிவரவில்லை” என்று நிறுத்தவேண்டாம். இதயத் துடிப்பில் கோளாறு, கண்ணழுத்த நோய், சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருந்தால் முன்கூட்டியே வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

“யோசனையால்தான் வருகிறது” என்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு யோசனையும் இல்லை.

யோசனை இல்லாதவர்களுக்கும் இது வரும்; எனக்கு வந்தது வயிற்றோட்டத்தால். ஆனால் நம் மண்ணில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சு நோவும் படபடப்பும் மூச்சுத் திணறலும் கொண்டு வந்த நூற்றுக்கணக்கான படைவீரரை ஆராய்ந்த ஜேக்கப் டா கொஸ்ற்றா என்ற வைத்தியர், அவர்களின் இதயங்களில் பழுது காணாமல், ‘எரிச்சலுற்ற இதயம்’ என்று 1871இல் எழுதினார். பல போர்களிலும் அதுவே திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், இங்கே போரின் துயரம் பெரும்பாலும் உடல் முறைப்பாடுகளாகவே வைத்தியரிடம் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார். 1995 ஐப்பசியில் ஓர் இரவில் ஊரோடு எழுந்து செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தவர்கள் நாம். அன்றைக்கு அழ நேரமில்லை. தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையும் இருந்தன. அந்த அச்சத்தை மனம் மறந்தாலும் உடம்பு மறக்காமல் வைத்திருக்கலாம். செல் விழுந்த காலத்தில் உயிரைக் காத்த அதே விழிப்பு, செல் இல்லாத காலத்தில் நெஞ்சின் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

இதைச் சொல்வது உங்கள் நோவைச் சிறுமைப்படுத்துவதற்காக இல்லை. உளவளத்துணையும் பயன்படும் என்பதற்காகவே சொல்கிறேன். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு உண்டு. ‘சாந்திகம்’ என்ற நிறுவனம் நீண்ட காலமாக இங்கே உளவளத்துணை வழங்கிவருகிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அங்கே போவதால் வயிற்று வைத்தியத்தை நிறுத்தவேண்டியதில்லை.

எதைச் சாப்பிடுவது, எதை விடுவது?

எதையும் உடனே விடாதீர்கள். பயத்தில் ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் இடியப்பமும் தயிரும் மட்டுமே என்று ஆகி, எடை குறைந்து, அந்த எடைக்குறைவைக் கண்டு புற்றுநோயோ என்று மேலும் பயந்த ஒரு தாயை எனக்குத் தெரியும்.

முதலில் அளவையும் நேரத்தையும் மாற்றுங்கள். மதியம் ஒரு கோப்பை நிறையச் சோறும், இரவு ஒன்பதரைக்குக் கொத்துறொட்டியும் என்ற பழக்கம் சுகமான இரைப்பைக்கே பாரம். ஒரே அளவை ஐந்தாகப் பிரித்துச் சாப்பிட்டு, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன் முடித்துக்கொண்டாலே பலருக்குப் பாதி குறையும். நெஞ்செரிவு கூடுதலாக உள்ளவர்கள் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழ் கல் வைத்து உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் கெடும். இடப்பக்கம் சரிந்து படுப்பது நல்லது.

அடுத்தது உறைப்பு. மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே கூர்மையடைந்த நரம்புகளை அது சுடும். யாழ்ப்பாணத்துக் கறித்தூளை முற்றாக விடச் சொல்ல எனக்கு மனமில்லை. பாதியாகக் குறைத்து, தேங்காய்ப்பால் மெல்லியதாக விட்ட சொதியோடு புட்டைச் சாப்பிட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றில் காலையில் குடிக்கும் சாயம் கூடிய தேநீரையும், ஒரு நாளில் ஐந்தாறு முறை குடிக்கும் பால்மாத் தேநீரையும் சோதித்துப் பாருங்கள். பாலிலுள்ள சீனி பலருக்குச் செரிப்பதில்லை.

பொருமலும் வாய்வும் மிகுந்தவர்களுக்கு, மெல்பேர்ணில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவுமுறை ஒன்று உண்டு. குடலில் எளிதில் புளித்து வாய்வாகும் உணவுகளை நான்கு முதல் ஆறு வாரங்கள் குறைத்து, பின்னர் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துவரவில்லை என்று கண்டறிவதே அதன் முறை. நம் அடுப்பங்கரையில் அந்தப் பட்டியலில் முதலில் நிற்பவை வெங்காயமும் உள்ளியும்; அடுத்து கடலை, கௌபி போன்ற பருப்பு வகைகள், கோதுமை மாவில் செய்த பாண், றொட்டி. அரிசிமா இடியப்பமும் முட்டையும் மீனும் கரட்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். திரும்பச் சேர்க்கும் படியைத் தவறவிட்டால் இது வெறும் பட்டினியாகிவிடும்.

கந்தசஷ்டி விரதம் பிடிக்கலாமா?

எடை குறையாமல், நீரிழிவு இல்லாமல் இருந்தால் வைத்தியரைக் கேட்டுப் பிடிக்கலாம். ஆறு நாள் ஒடுங்கிய இரைப்பைக்குப் பாறணையன்று பத்துக் கறியோடு படைப்பதே துன்பம் தருகிறது. அன்று கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். முருகன் குறை நினைக்கமாட்டான்.

மூச்சுப் பயிற்சி உண்மையில் பயன் தருமா?

தரும். பயத்தில் நாம் மேல்நெஞ்சால் வேகமாக மூச்செடுக்கிறோம். இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்து, விரல் விறைப்பும் தலைச்சுற்றும் நெஞ்சிறுக்கமும் வருகின்றன. அவற்றைக் கண்டு பயம் இன்னும் கூடுகிறது. அதோடு காற்றையும் விழுங்கி, அதை ஏவறையாக வெளிவிட முயன்று, ஒவ்வொரு முயற்சியிலும் மேலும் விழுங்குகிறோம். நிமிர்ந்து இருந்து, ஒரு கையை வயிற்றில் வைத்து, நெஞ்சு அசையாமல் வயிறு எழும்படி மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். பத்து நிமிடங்கள், காலையும் மாலையும். நோ இல்லாத நேரத்தில் பழகினால்தான் நோ வரும் நேரத்தில் கைகொடுக்கும்.

இரவு இரண்டு மணிக்கு நோ வந்தால்?

எழுந்து இருங்கள், விளக்கைப் போடுங்கள். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை மட்டும் பாருங்கள். இருந்தால் 1990. இல்லையென்றால் இது முன்பும் வந்து போன அதே நோதானா என்று கேட்டு, இளஞ்சூட்டு நீர் இரண்டு மிடறு குடித்து, மூச்சுப் பயிற்சியைத் தொடங்குங்கள். பீதியால் வரும் அலை பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கும். நாடி பிடித்துப் பார்ப்பதும், இரத்த அழுத்தக் கருவியைத் திரும்பத் திரும்பக் கட்டுவதும், கைபேசியில் ‘நெஞ்சு நோ’ என்று தேடுவதும் அந்த அலையை உயர்த்தும். நான் கருவியைத் தங்கையின் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

வைத்தியரிடம் எப்படிச் சொன்னால் கேட்பார்?

வெளிநோயாளர் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது எல்லா நோவையும் சொல்லத் தொடங்கினால் முக்கியமானது விடுபடும். இரண்டு வாரங்களுக்கு ஒரு கொப்பியில் நேரம், சாப்பாடு, நோவின் இடம், எவ்வளவு நேரம் நின்றது, அன்றைய நித்திரை, மலம் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, அதில் கூடுதலாகத் துன்பம் தரும் ஒன்றை முதலில் சொல்லுங்கள். எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: “என் அண்ணர் மாரடைப்பில் இறந்தவர்; அதனால் பயமாக இருக்கிறது” என்ற ஒரு வரி, பத்து அறிகுறிகளைவிட வைத்தியருக்கு உதவும். இரண்டு வாரம் முடிந்ததும் கொப்பியை மூடிவிடுங்கள். தொடர்ந்து எழுதினால் அதுவே நோவைத் தேடும் வேலையாகிவிடும். முடிந்தவரை ஒரே வைத்தியரிடம், நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று தவணை வைத்துப் போங்கள்.

சித்த மருந்து எடுக்கலாமா?

கைதடிச் சித்த வைத்தியசாலை போன்ற இடத்திலுள்ள தகுதி பெற்ற வைத்தியரிடம் போய், இரு பக்கத்து மருந்துகளையும் இரு பக்கமும் தெரியப்படுத்தி எடுங்கள். பெயரில்லாத பொடியை யாரிடமும் வாங்கவேண்டாம். ஓமத்தண்ணீரும் இஞ்சித் தேநீரும் அளவோடு குடிப்பதில் தடையில்லை. மிளகுக்கீரை எண்ணெய்க் குளிசை எரிச்சற்குடலுக்குப் பயன்படும், ஆனால் நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு அந்த எரிவைக் கூட்டிவிடக்கூடும்.

இது முற்றாக மாறுமா?

சிலருக்கு முற்றாக மாறுகிறது. பலருக்குக் குறைந்து, இடையிடையே தலைகாட்டுகிறது. உயிருக்கு ஆபத்தாக மாறுவதில்லை. எனக்கு இப்போது மாதத்தில் மூன்று நான்கு நாட்கள் மேல்வயிறு பாரமாக இருக்கும். அன்றும் மாலையில் நடக்கப் போகிறேன். நோ நின்றபின் வாழலாம் என்று காத்திருந்த காலத்தில்தான் நோ கூடுதலாக இருந்தது.

கனடாவில் இருக்கும் பிள்ளைகள், கொழும்புக்குப் போய் எல்லாவற்றையும் மீண்டும் பார்க்கச் சொல்லிக் காசு அனுப்புகிறார்கள். போகலாமா?

புதிய அறிகுறி வந்திருந்தால், அல்லது உணவுக்குழாயின் அழுத்தத்தையும் அமிலத்தையும் அளக்கும் பரிசோதனை போன்ற, இன்னும் செய்யாத ஒன்றை உங்கள் வைத்தியர் பரிந்துரைத்திருந்தால் போங்கள். செய்தவற்றையே திரும்பச் செய்வதற்கானால் வேண்டாம். நோர்மல் என்ற அறிக்கை தரும் நிம்மதி சில நாட்களில் தீர்ந்துவிடுகிறது; நான் ஒரே ஆண்டில் நான்கு ஈ.சி.ஜி. எடுத்தவள், நான்காவதன் நிம்மதி வீட்டுப் படலை வரைக்கும் வரவில்லை. அதோடு, பரிசோதனைகளைக் கூட்டினால் ஒன்றில் ஏதாவது சிறு மாற்றம் தெரியும். பிறகு அதைத் துரத்தவேண்டி வரும்.

பிள்ளைகளின் அன்பு அது, கோபிக்கவேண்டாம். என் மகன் நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு அழைத்து, “அம்மா, இண்டைக்கு நெஞ்சு நோ எப்பிடி?” என்றுதான் தொடங்குவான். ஆறரைக்கே நான் என் நெஞ்சைத் தேடத் தொடங்கிவிடுவேன். தேடினால் அங்கே ஏதாவது இருக்கும். ஒரு நாள் இதை அவனுக்கு விளக்கி, மோசமாக இருந்தால் நானே சொல்வேன், நீ அதைக் கேட்காதே என்றேன். இப்போது முற்றத்து முருங்கை காய்த்ததா, கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம் நிற்கிறது என்று கேட்கிறான். ஆறரைக்கு நான் கிணற்றடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.